டாக்டர் மேசையில் கொட்டிய ஏழு டப்பாக்கள்

சிரித்தபோது உதடு வெடித்து ரத்தம் வந்த அன்றுதான் முதல் டப்பாவை வாங்கினேன். முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடத் தொடங்கி அன்றைக்கு 11ஆவது நாள். வாங்கியது வைட்டமின் ஈ. 'தோலுக்கு நல்லது' என்று டப்பா மேலேயே எழுதியிருந்தது, அது போதுமாக இருந்தது எனக்கு. அடுத்த சில வாரத்துக்குள் அலமாரியில் ஏழு டப்பா. பயோட்டின், துத்தநாகம், எல்லாச் சத்தும் கலந்த மல்ட்டிவைட்டமின், பி காம்ப்ளெக்ஸ், மீன் எண்ணெய், கிரீன் டீ கேப்ஸ்யூல். டாக்டர் எழுதிக் கொடுத்தது ஒரே ஒரு மருந்து. அதைச் சமாளிக்க நானாக வாங்கியவை ஏழு. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

இத்தனைக்கும் எனக்கு முன் அனுபவம் இல்லாமல் இல்லை. ஐசோட்ரெட்டினாயினுக்கு முந்தின வருடம் பருவுக்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் கொடுத்திருந்தார்கள். அப்போது ரத்தசோகைக்காக இரும்புச்சத்து மாத்திரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காலையில் இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கிவிடுவேன், வேலை மிச்சம் என்று. மூன்று மாதம் அப்படி ஓடியது. பரு அடங்கவே இல்லை. மறுபடி மருந்து வாங்கப் போனபோது மருந்துக்கடையில் இருந்த பெண்மணிதான் கேட்டார், "இரண்டையும் எப்போம்மா சாப்பிடுறீங்க?" என்று. இரும்பு, கால்சியம், மக்னீசியம், துத்தநாகம் எல்லாமே டாக்ஸிசைக்ளினை வயிற்றிலேயே பிடித்துக் கட்டிப்போட்டுவிடுமாம். மருந்து ரத்தத்தில் சேராமல் அப்படியே வெளியே போய்விடும். அமிலத்துக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டும் அதே வேலையைச் செய்யும். காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று பிரித்துக் கொடுத்தார். பரு அடங்காததற்கு அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் மூன்று மாதம் பாதி மருந்தைத்தான் சாப்பிட்டேனோ என்ற சந்தேகம் இன்றும் இருக்கிறது.

டாக்ஸிசைக்ளினைப் பற்றி இன்னொன்று. அதை ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்க வேண்டும், விழுங்கியதும் படுக்கக் கூடாது. அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார வேண்டும். ஒருநாள் தூக்கக் கலக்கத்தில் ஒரு வாய்த் தண்ணீரோடு போட்டுவிட்டுப் படுத்தேன். மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாகி, நான்கு நாள் எச்சில் விழுங்கக்கூட நெஞ்சு எரிந்தது. அதற்கும் ஏதாவது சத்து மாத்திரை உண்டா என்று தேடினேன் என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

சரி, ஏழு டப்பாவுக்கு வருகிறேன்.

ஐசோட்ரெட்டினாயின் வைட்டமின் ஏ வகையைச் சேர்ந்த மருந்து. அமெரிக்காவில் 1982இல் அனுமதி பெற்றது. கடுமையான பருவுக்கு இன்றும் இதைவிட வலுவான மருந்து கிடையாது. தோலில் எண்ணெய் சுரக்கும் சுரப்பிகளைச் சுருக்கிவிடும், மேல்தோலின் வெளி அடுக்கையும் மெலிதாக்கிவிடும். உதடு காய்வதும் கண் உறுத்துவதும் மூக்கில் ரத்தம் கசிவதும் அதனால்தான். இதை முதல் நாளே டாக்டர் சொன்னார். நான் தலையாட்டினேன். ஆனால் மனதுக்குள் பதிந்தது வேறு. உதடு காய்கிறது என்றால் உடம்பில் ஏதோ சத்து குறைகிறது என்றே எடுத்துக்கொண்டேன். வாய் ஓரத்தில் புண் வந்தால் பி வைட்டமின் குறைவு என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்த புத்தி. எனக்கு எந்தச் சத்தும் குறையவில்லை. மருந்து தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. இந்த ஒரு விஷயம் புரிந்திருந்தால் ஏழில் ஐந்து டப்பாவை வாங்கியிருக்க மாட்டேன்.

ஐந்தாவது வாரம் தலைவலி தொடங்கியது. காலையில் எழும்போதே நெற்றிக்குப் பின்னால் ஒரு பாரம். குனிந்தால் அதிகமானது. தூக்கம் போதவில்லை என்று இரண்டு நாள் தள்ளினேன். மூன்றாவது நாள் டாக்டருக்கு போன் செய்தேன். மாத்திரையை அன்றே நிறுத்தச் சொன்னார், உடனே வரச் சொன்னார். குரலில் இருந்த அவசரம் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

முதலில் கேட்டது பார்வை மங்குகிறதா, வாந்தி வருகிறதா, காதில் இரைச்சல் இருக்கிறதா என்றுதான். இல்லை என்றேன். வேறு மருந்து ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றார். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை, சத்து மாத்திரை எல்லாம் மருந்துக் கணக்கில் சேரும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேள்வியை மாற்றினார்: "காலையிலேர்ந்து ராத்திரி வரைக்கும் வாயில என்னென்ன போடுறீங்க, ஒண்ணு விடாம சொல்லுங்க." நான் சொல்லச் சொல்ல எழுதினார். நான்காவதோடு பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "நாளைக்கு எல்லா டப்பாவையும் ஒரு பையில போட்டுக் கொண்டுவாங்க."

அன்றே கண் டாக்டரிடம் அனுப்பினார். கண்ணுக்குப் பின்னால் நரம்பு வீங்கியிருக்கிறதா என்று பார்த்தார்கள், வீக்கம் இல்லை. ஐசோட்ரெட்டினாயினில் அபூர்வமாக மண்டைக்குள் அழுத்தம் கூடலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் பார்வையே பாதிக்கப்படும். டாக்ஸிசைக்ளின் வகை மருந்துகளையும் ஐசோட்ரெட்டினாயினையும் ஒருசேரக் கொடுக்கக் கூடாது என்பதற்கும் இதுதான் காரணம், இரண்டுக்கும் இந்தக் குணம் உண்டு. வைட்டமின் ஏ அளவுக்கு மீறினாலும் அதே தலைவலி, அதே அழுத்தம், அதே உதட்டு வறட்சி.

மறுநாள் பையை மேசையில் கொட்டினேன். டாக்டர் ஒவ்வொரு டப்பாவையும் முன்பக்கம் பார்க்காமல் பின்பக்கமாகத் திருப்பித் திருப்பிப் படித்தார். இரண்டை எடுத்துத் தனியே வைத்தார். ஒன்று மல்ட்டிவைட்டமின். அதில் ரெட்டினைல் பால்மிட்டேட் 5,000 ஐ.யூ. (வைட்டமினை அளக்கும் ஒரு அலகு) என்று இருந்தது. ரெட்டினைல் என்று தொடங்கினாலே அது வைட்டமின் ஏதான். நான் 'வைட்டமின் ஏ' என்ற எழுத்தைத்தான் தேடியிருந்தேன், அதுவும் அரைகுறையாக. 1 ஐ.யூ. ரெட்டினால் என்பது 0.3 மைக்ரோகிராம். ஆக 5,000 என்றால் 1,500 மைக்ரோகிராம். பெரியவர்களில் ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்குத் தேவை 700, ஆணுக்கு 900.

இன்னொன்றுதான் எனக்கு அதிர்ச்சி. மீன் எண்ணெய் என்று நான் வாங்கி வந்தது மீனின் ஈரலிலிருந்து எடுத்த எண்ணெய். பேச்சில் இரண்டையும் மீன் எண்ணெய் மாத்திரை என்றுதான் சொல்கிறோம். ஆனால் மீனின் சதையிலிருந்து எடுப்பது வேறு, காட் மீனின் ஈரலிலிருந்து எடுப்பது வேறு. ஈரல் என்பது வைட்டமின் ஏ சேமித்து வைக்கும் இடம். அதனால் ஈரல் எண்ணெயில் ஒமேகா-3 என்ற கொழுப்போடு வைட்டமின் ஏயும் டியும் நிறையவே இருக்கும். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்ததே வைட்டமின் ஏ குடும்பத்து மருந்து. அதன் வறட்சியைக் குறைக்க இரண்டு பக்கத்திலிருந்தும் மேலும் வைட்டமின் ஏயை ஊற்றிக்கொண்டிருந்தேன். எரிகிற வீட்டை எண்ணெய் ஊற்றி அணைக்கப் பார்த்திருக்கிறேன்.

தலைவலிக்கு அந்த இரண்டும்தான் காரணமா, ஐசோட்ரெட்டினாயினே காரணமா என்று டாக்டராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. எல்லாவற்றையும் நிறுத்தி நான்கைந்து நாளில் தலைவலி போனது. இரண்டு வாரம் கழித்து ஐசோட்ரெட்டினாயினை மட்டும் தனியாக, 30 மில்லிகிராமுக்குப் பதில் 20 மில்லிகிராமில் திரும்பத் தொடங்கினார். தலைவலி வரவில்லை. ஒரு மாதத்தில் பழையபடி 30.

மீதி ஐந்து டப்பாவுக்கும் மேசையிலேயே தீர்ப்பு எழுதப்பட்டது.

வைட்டமின் ஈயைப் பார்த்து டாக்டர் லேசாகச் சிரித்தார். இதை ஏற்கெனவே சோதித்துப் பார்த்துவிட்டார்களாம். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவர்களில் ஒரு பகுதியினருக்கு தினம் 800 ஐ.யூ. வைட்டமின் ஈயும் சேர்த்துக் கொடுத்தார்கள். பக்கவிளைவில் எந்த வித்தியாசமும் தெரியவில்லை. 2000ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு. அத்தனை வருடம் ஆன பிறகும் நான் நம்பிக்கையோடு வாங்கி விழுங்கியிருக்கிறேன்.

பயோட்டின் முடி கொட்டுவதற்காக வாங்கியது. சிலருக்கு இந்த மருந்தில் முடி கொஞ்சம் கொட்டும், எனக்கும் கொட்டியது. டப்பாவில் 10,000 மைக்ரோகிராம். உடம்புக்குப் போதும் என்று சொல்லப்படும் அளவு 30 மைக்ரோகிராம். அது முடிக்கு என்ன செய்ததோ தெரியாது, ஆனால் ரத்தப் பரிசோதனையைக் குழப்பக்கூடியது. தைராய்டு, இதயத் தாக்குதலைக் கண்டுபிடிக்கும் ட்ரோப்போனின் போன்ற சில பரிசோதனைகளிலேயே பயோட்டின் ஒரு பொருளாகப் பயன்படுகிறது. ரத்தத்தில் அது நிறைய மிதந்தால் முடிவு தப்பாக வரும். 2017இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டது. எனக்கு முந்தின மாதம் முடி கொட்டுகிறது என்று தைராய்டு பார்த்திருந்தார்கள். அறிக்கையில் ஏதோ முன்னுக்குப் பின் முரணாக இருந்தது. பயோட்டினை நிறுத்தி ஒரு வாரம் கழித்துத் திரும்பப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது.

பி காம்ப்ளெக்ஸ் வேறு கதை. அதைத் தொடங்கிய பத்து நாளில் தாடையிலும் நெற்றியிலும் ஒரே அளவில் சின்னச் சின்னப் பொரிகள் வந்திருந்தன. ஐசோட்ரெட்டினாயின் தொடக்கத்தில் பரு கொஞ்சம் கிளம்பும் என்று சொல்லியிருந்ததால் அதுவே என்று நினைத்துவிட்டேன். பி12 அதிகமாகப் போனால் சிலருக்குப் பரு வரும், தோலில் வாழும் பரு பாக்டீரியாவின் நடத்தையையே அது மாற்றுகிறது என்று 2015இல் ஒரு ஆய்வு காட்டியிருக்கிறது. எனக்கு பி12 குறைவும் இல்லை. பருவுக்கு மருந்து, மருந்துக்குத் துணையாகப் பருவைக் கிளப்பும் மாத்திரை. (பி12 குறைவு இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். குறைவு இருந்தால் அது வேறு கணக்கு.)

கிரீன் டீ கேப்ஸ்யூலைக் குப்பைக்கூடையில் டாக்டரே போட்டார். தேநீராகக் குடிப்பது பிரச்சினை இல்லை. கேப்ஸ்யூலில் அடைத்த சாறு சிலருக்குக் கல்லீரலைக் கெடுத்திருக்கிறது, ஐசோட்ரெட்டினாயினும் கல்லீரல் என்சைமை ஏற்றக்கூடியது. இரண்டில் எது ஏற்றியது என்று பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? துத்தநாகம் வெறும் வயிற்றில் குமட்டலைத்தான் கொடுத்தது, அதையும் விட்டேன்.

எனக்கு அப்போது உள்ளூர ஒரு ஏமாற்றம். எல்லாவற்றையும் பிடுங்கிவிட்டீர்கள், உதட்டுக்கு என்ன வழி என்றேன். டாக்டர் சொன்னது ரொம்பச் சாதாரணமாக இருந்தது. பெட்ரோலியம் ஜெல்லி, மணமும் நிறமும் இல்லாதது. ஒரு நாளைக்கு எட்டுப் பத்துத் தடவை. காய்ந்த பிறகு தடவக் கூடாது, காய்வதற்கு முன்னாலேயே தடவ வேண்டும். நாக்கால் ஈரப்படுத்தக் கூடாது, உரியும் தோலைப் பிய்க்கக் கூடாது. சட்டைப்பையில் ஒன்று, படுக்கைக்குப் பக்கத்தில் ஒன்று, வேலை செய்யும் மேசையில் ஒன்று என்று மூன்று டப்பி வாங்கினேன். மூக்கின் உள் விளிம்பிலும் இரவில் கொஞ்சம். கண்ணுக்குப் பாதுகாப்புப் பொருள் கலக்காத செயற்கைக் கண்ணீர்ச் சொட்டு. கான்டாக்ட் லென்ஸ் போடுவதை நிறுத்திக் கண்ணாடிக்கு மாறினேன். குளித்து ஈரம் முழுதாகக் காயும் முன்பே உடம்புக்குக் கெட்டியான மாய்ஸ்சரைசர். வெயிலில் போனால் சன்ஸ்கிரீன். மெழுகு போட்டு முடி எடுப்பது அறவே கூடாது, தோலே உரிந்து வந்துவிடும். இரண்டு வாரத்தில் ஏழு டப்பா செய்யாததை அந்த மூன்று டப்பி செய்தது.

இன்னொரு தப்பும் தெரிய வந்தது. நான் மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுக்கொண்டிருந்தேன். ஐசோட்ரெட்டினாயின் கொழுப்பில் கரைவது. கொழுப்புள்ள சாப்பாட்டோடு போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உடம்பில் சேரும். என் எடை 60 கிலோ. கிலோவுக்கு 120 மில்லிகிராம் வீதம் மொத்தம் 7,200 மில்லிகிராம் உள்ளே போக வேண்டும் என்பது கணக்கு. தினம் 30 என்றால் 240 நாள். வெறும் வயிற்றில் போட்ட நாளெல்லாம் அந்தக் கணக்கில் ஓட்டைதான். சாப்பாட்டுக்கு மாற்றியதும் வறட்சி கொஞ்சம் கூடியது. அதைக் குறிப்பாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது நல்ல அறிகுறி என்று தெரியாமல் அப்போதும் கை மருந்துக்கடைப் பக்கம் போகப் பார்த்தது.

மூன்றாவது மாதம் நானே டாக்டரிடம் கேட்டேன், ஈரல் எண்ணெய் வேண்டாம், சாதாரண ஒமேகா-3 சாப்பிடலாமா என்று. வைட்டமின் ஏ இல்லாததாக இருந்தால் தினம் 1 கிராம் சாப்பிட்டுப் பாருங்கள், தடையில்லை என்றார். ஐசோட்ரெட்டினாயினோடு ஒமேகா-3 கொடுத்துப் பார்த்த 2018ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், உதடு, மூக்கு, தோல் வறட்சி சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்குக் குறைவாக இருந்தது. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார். வேறு எதையும் அந்த மாதம் மாற்றக் கூடாது. மாய்ஸ்சரைசரைக்கூட.

அதற்கு முந்தின மாதமே ஒரு நோட்டில் எழுதத் தொடங்கியிருந்தேன். தினமும் இரவில் உதடு, கண், மூட்டு வலி மூன்றுக்கும் பத்துக்கு எத்தனை என்று மதிப்பெண். நாலு வாரம் ஒமேகா-3 இல்லாமல் எழுதியது ஏற்கெனவே இருந்தது, அடுத்த நாலு வாரம் ஒமேகா-3 ஓடு. கண்ணில் ஒரு வித்தியாசமும் இல்லை. உதட்டில் 6 என்பது 5 ஆனது. மூட்டு வலியில் மாற்றம் தெரிந்தது, ஆனால் அதே மாதம் காய்ச்சல் வந்து பத்து நாள் ஓடப் போகவில்லை. இந்த மருந்தில் கடுமையான உடற்பயிற்சி செய்தால் தசை வலி கூடும். ஆக வலி குறைந்தது ஒமேகா-3 ஆலா, ஓய்வாலா? தெரியாது. நோட்டு இல்லாமல் இருந்திருந்தால் ஒமேகா-3 அற்புதம் என்று நாலு பேரிடம் சொல்லியிருப்பேன். கடைசி வரை சாப்பிட்டேன் என்பது உண்மைதான். ட்ரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு 110இலிருந்து 190க்கு ஏறியிருந்ததும் ஒரு காரணம். ஆனால் அதைக் கீழே இறக்கியது பெரும்பாலும் இனிப்பைக் குறைத்ததுதான் என்பது என் ஊகம்.

ஐந்தாவது மாதம் மனசு கொஞ்சம் சோர்ந்திருந்தது. மூலிகைதானே, பக்கவிளைவே இல்லை என்று ஒரு தோழி செயிண்ட் ஜான்ஸ் வோர்ட் என்ற மாத்திரையைக் கொண்டுவந்து கொடுத்தாள். இந்த முறை வாயில் போடும் முன் டாக்டரிடம் கேட்டேன். அது கருத்தடை மாத்திரையின் பலத்தைக் குறைத்துவிடும். ஐசோட்ரெட்டினாயின் சாப்பிடும்போதும் நிறுத்தி ஒரு மாதம் வரைக்கும் கர்ப்பம் ஆகவே கூடாது, சிசுவுக்கு மிகக் கடுமையான குறைகள் வரும். மாதாமாதம் கர்ப்பப் பரிசோதனை செய்துதான் அடுத்த மாத மாத்திரையே எழுதினார்கள். அப்படி ஒரு மூலிகையை யாரும் என்னிடம் மருந்து என்று சொல்லித் தரவில்லை. மனச்சோர்வையும் தோழியிடம் சொல்லிவிட்டுச் சும்மா இருந்திருப்பேன், டாக்டரோ அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும் என்றார். அடுத்த இரண்டு மாதம் ஒவ்வொரு சந்திப்பிலும் தூக்கம், பசி, மனசு பற்றித் தனியாகக் கேட்டார்.

கடைசி மாத்திரை போட்டு மூன்று வாரத்தில் உதடு பழையபடி ஆனது. ரத்ததானம் செய்ய மட்டும் ஒரு மாதம் முழுதாகக் காத்திருந்தேன். பரு திரும்பவில்லை, தழும்பு கொஞ்சம் இருக்கிறது.

போன மாதம் என் தம்பிக்கும் அதே மாத்திரையை எழுதியிருக்கிறார்கள். உதட்டுக்கு மூன்று டப்பி, கண்ணுக்குச் சொட்டு மருந்து, ஒரு கோடு போடாத நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முந்தாநாள் போன் செய்து, ஜிம்மில் யாரோ ஒரு டப்பா கொடுத்தார்கள், அதில் வைட்டமின் ஏ என்று எங்கேயும் இல்லை, சாப்பிடலாமா அக்கா என்றான். பின்பக்கத்தைப் படிக்கச் சொன்னேன். திக்கித் திக்கிப் படித்துக்கொண்டே வந்தவன் "ரெட்டினைல்..." என்றதும் தானாகவே நிறுத்தினான்.